தேவாங்கும் காளானும்

நம் நாட்டின் தென்மேற்கு ஈரவலயக் காடுகளுக்கே உரியது செந்தேவாங்கு. சிலி நாட்டுக் காடுகளில் முளைப்பது லோயோ என்னும் காளான். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் செம்பட்டியலில் இரண்டும் 'ஆபத்துக்குள்ளானவை' என்ற ஒரே வகுப்பில்தான் இருக்கின்றன. ஆனால் தேவாங்குக்காக இரங்குவோர் பலர். காளானுக்காக இரங்குவோர் யார்?

தேவாங்கைப் பார்த்தாலே மனம் இளகிவிடும். கைக்குள் அடங்கும் உடல், முகத்தை நிறைக்கும் கண்கள். அதன் உறவான சாம்பல் தேவாங்கு வடக்கின் உலர்வலயக் காடுகளிலும் வாழ்கிறது. இரவில் பூச்சி தேடித் திரியும் இந்தப் பிராணி குரங்கைப் போலப் பாய்வதில்லை. கிளையைப் பற்றிப் பற்றியே நகரும். காட்டின் நடுவே ஒரு தெரு வெட்டினால் போதும், அதன் உலகம் இரண்டாகிவிடும்.

லோயோவின் வாழ்க்கை மண்ணுக்கடியில். நாம் காணும் குடை, மரத்துக்குப் பழம் போன்றது மட்டுமே. உண்மையான உடல் பூசணவலை. அது தென்பீச் மரங்களின் வேர்களோடு பிணைந்து, நீரையும் கனியுப்பையும் மரத்துக்குக் கொடுத்து, மரம் தயாரிக்கும் வெல்லத்தைப் பெற்றுக்கொள்கிறது. அந்தக் காடுகளை வெட்டிப் பைனும் யூக்கலிப்டசும் நட்டால் லோயோவுக்குத் துணையில்லை. சுவையான காளான் என்பதால், குடை விரியுமுன்னே பறித்தும் விடுகிறார்கள். வித்திகள் உதிர்வது எப்படி?

உம்மா காளானை மரக்கறியோடுதான் சேர்ப்பார். உயிரியலின்படி பங்கசுக்கள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு. தேவாங்கு கடித்துண்ணும் பூச்சியின் ஓட்டிலுள்ள கைற்றின்தான் காளானின் கலச்சுவரிலும் இருக்கிறது. ஆனால் 1937ஆம் ஆண்டின் நமது பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பெயரில் விலங்கும் தாவரமும் மட்டுமே உண்டு. உலகச் செம்பட்டியலிலும் பங்கசுக்கள் ஆயிரத்தைத் தாண்டியது 2025இல்தான். அப்போது மதிப்பிடப்பட்டிருந்த சுமார் 1,300 இனங்களில் 411 அழியும் ஆபத்தில் இருந்தன.

எண்ணுவதும் எளிதல்ல. இருளில் வெளிச்சம் பட்டால் தேவாங்கின் கண்கள் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். காளானுக்கோ மழைக்குப் பிந்திய சில நாட்களே. யாழ்ப்பாணத்து வளவுகளில் முளைக்கும் நாய்க்குடையும் அப்படித்தானே? ஒரு வருடம் முளைக்காவிட்டால், கீழே பூசணவலை செத்துவிட்டதா, அடுத்த மழைக்குக் காத்திருக்கிறதா என்று மேலே நின்று சொல்ல முடியாது.