ஓடும் காரில் சக்கரம் கழன்றால்... நட்டை மாட்டிக்கொண்டு அப்படியே கிளம்பலாமா?

காரில் இருந்து கழன்ற சக்கரம், அந்தக் காரையே முந்திக்கொண்டு சாலையில் உருண்டு ஓடும் சிசிடிவி காட்சிகளை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். வீடியோ அதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் காரை என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியமான கதை.

பெரும்பாலும் நடப்பது இதுதான். சக்கரத்தைத் தேடி எடுத்து வருவார்கள். மற்ற மூன்று சக்கரங்களில் இருந்து தலா ஒரு நட்டைக் கழற்றி இதில் போடுவார்கள். "மூணு நட் இருக்கே, போதாதா?" என்று வண்டியை எடுத்துவிடுவார்கள்.

போதாது. காரணம், பிரச்னை நட்டில் மட்டும் இல்லை, நட் மாட்டும் ஸ்டட்டில் இருக்கிறது.

நட்டை இறுக்கும்போது ஸ்டட் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நீள்கிறது. அது திரும்பச் சுருங்கப் பார்க்கும் விசைதான் ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. நட் தளர்ந்தால் இந்தப் பிடி போய்விடும். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் ரிம் ஆடி ஆடி ஸ்டட்டை வளைக்கும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி உடைப்போமே, அதே கதைதான். ஆகவே உடையாமல் மிஞ்சிய ஸ்டட்டிலும் உள்ளே விரிசல் இருக்கலாம். அந்த ஹப்பில் உள்ள அத்தனை ஸ்டட்டையும், நட்டையும் புதிதாக மாற்றுவதே சரி. ரிம்மில் உள்ள ஓட்டைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்த ரிம்மும் அவ்வளவுதான்.

சக்கரம் போனதும் கார் தரையில் உட்காருவது பிரேக் டிஸ்க் அல்லது டிரம் மீது. அதனால் டிஸ்க், பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் சென்சார் வயர், லோயர் ஆர்ம், வீல் பேரிங் என எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இதில் பேரிங்தான் ஏமாற்றும். அன்றைக்கு நன்றாக இருப்பது போலத் தெரியும், சில நாள் கழித்து 'ஊ...' என்று சத்தம் கொடுக்கும். எனவே, காரை ரிகவரி வேனில் ஏற்றி அனுப்புவதே நல்லது. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

ஏன் கழன்றது?

இதைக் கண்டுபிடிக்காமல் சரி செய்தால் மறுபடியும் கழலும். ஸ்டட் முழுசாக இருந்து மரை மட்டும் தேய்ந்திருந்தால், நட் தானாகக் கழன்றிருக்க வாய்ப்பு அதிகம். பஞ்சர் ஒட்டியபோதோ, ஸ்டெப்னி மாற்றியபோதோ சரியாக இறுக்காமல் விட்டிருக்கலாம். ஹப்பும் சக்கரத்தோடு சேர்ந்து வந்திருந்தால் பேரிங் பக்கம் கோளாறு. சக்கரம் கழலாமல் வெளிப்பக்கமாக மடங்கிக் கிடந்தால் பால் ஜாயின்ட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

திரும்ப மாட்டும்போது ஹப் முகத்தில் உள்ள துருவைச் சுரண்டி எடுக்க வேண்டும். அலாய் ரிம்முக்கும் இரும்பு ரிம்முக்கும் நட் வேறாக இருக்கலாம், கலந்து போடக் கூடாது. மரையில் ஆயில் தடவுவதும் தவறு, தேவைக்கு மேல் இறுகிவிடும். முதலில் கையால் திருகி, பிறகு எதிரெதிராக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச் வைத்து முடிக்க வேண்டும். சிறிய கார்கள் பலவற்றுக்கு இது சுமார் 85 முதல் 120 நியூட்டன் மீட்டர். உங்கள் காருக்கான சரியான அளவு ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். ஏர் கன்னில் 'டர்ர்' என்று அடித்துவிட்டு விடுவது இதற்கு ஈடாகாது. 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மீண்டும் ஒருமுறை இறுக்கம் பார்க்கச் சொல்லுங்கள், மற்ற மூன்று சக்கரங்களையும் சேர்த்து.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் உங்கள் கார் செலவுக்குக் கிடைக்காது. முழு பாலிசியிலும் தேய்மானம், இயந்திரக் கோளாறு ஆகியவை விலக்கப்பட்டவை. சக்கரம் கழன்று கார் எதிலாவது மோதிய சேதத்துக்குக் கோரலாம். ஆனால் வண்டியை நகர்த்தும் முன்பே போட்டோ எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். சர்வேயர் பார்ப்பதற்கு முன் ஒர்க்‌ஷாப்பில் பிரித்துவிட்டால் கிளைம் சிக்கலாகிவிடும். உடைந்த ஸ்டட், கிடைத்த நட் எதையும் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் எடுத்து வையுங்கள், காரணத்தைக் காட்ட அவை தேவைப்படும்.