தொடராக்கமும் மீட்டாக்கமும்

கணினியின் நினைவகத்தில் தரவு எப்போதும் ஓரிடத்தில் ஒருங்கே அமைந்திருப்பதில்லை. பட்டியலின் உறுப்புகளும் மரத்தின் கிளைகளும் அங்கங்கே சிதறிக் கிடக்க, அவற்றின் உறவை முகவரிகளே காட்டி நிற்கின்றன. அம்முகவரிகளோ அக்கணினிக்குள், தரவை ஆளும் நிரல் இயங்கும் வரையிலுமே பொருளுடையவை. ஆதலின் அக்கட்டமைப்பை வட்டில் சேமிக்கவோ வலையில் அனுப்பவோ வேண்டின், முகவரி காட்டிய உறவை வரிசையும் எண்ணிக்கையும் காட்டுமாறு ஒரே தொடராக அடுக்குதல் வேண்டும். இதுவே தொடராக்கம், அத்தொடரிலிருந்து பழைய கட்டமைப்பை மீண்டும் எழுப்புதல் மீட்டாக்கம்.

இது எழுத்துவழி, இருமவழி என இருவகைப்படும். ஜேசன் என்னும் குறிமுறை முன்னதைச் சாரும். பின்னதில், தரவின் அமைப்பை இருபுறத்தாரும் முன்னரே அறிந்திருக்க வேண்டுவனவும், தம்மைத் தாமே விளக்குவனவும் உள. இவற்றுள் இரண்டாம் வகையைச் சார்ந்த சீபோர் என்னும் செறிவிருமக் குறிமுறையைக் கார்ஸ்டென் போர்மனும் பால் ஹாஃப்மனும் 2013இல் வகுத்தளித்தனர். நினைவகம் குறைந்த சிறு கருவிகளிலும் இயங்குமாறு, படிக்கும் நிரலே சிறிதாதல் வேண்டும் என்பது அவர்தம் நோக்கங்களுள் ஒன்று. தரவைச் சுருக்குவதினும் இதனையே யான் உயர்வாக மதிக்கிறேன்.

சுழியமோ ஒன்றோ ஆகிய ஒற்றைக் குறி துண்மி, அதாவது பிட்டு. எட்டுத் துண்மிகள் சேர்ந்தது எண்மி, அதாவது பைட்டு. சீபோரில் ஒவ்வொரு தரவும் தலையெண்மி ஒன்றுடன் தொடங்குகிறது. அதன் மேல் மூன்று துண்மிகள் எட்டு வகைகளுள் இன்னதென்று சுட்ட, கீழ் ஐந்தும் அளவைச் சுட்டுகின்றன. 23 வரையுள்ள எண் அவ்வைந்திலேயே அடங்கும். மேற்படின் 24, 25, 26, 27 என்னும் குறிகள் முறையே 1, 2, 4, 8 எண்மிகள் பின்வருவதை அறிவிக்கும். எனவே 500 என்பது 25, 1, 244 என மூன்று எண்மிகளாகிறது. 256உடன் 244ஐக் கூட்ட 500 மீள்கிறது. 1, 2, 3 என்னும் உறுப்புகளின் வரிசையாகிய அணி 131, 1, 2, 3 என நான்கே எண்மிகள். ஜேசனில் அதுவே ஏழு. எதிர்ம எண்களை எண்ணும் முறை இன்னும் நுட்பமானது. அவற்றின் எண்ணிக்கை −1இலிருந்தே தொடங்குவதால், சுழியத்திற்கு இரண்டு குறியீடுகள் நேர்ந்து ஓரிடம் வீணாவதில்லை.

தமிழ் என்னும் சொல் ஒருங்குறியில் ஐந்து குறிகளாலானது. சீபோர் ஏற்கும் யுடிஎஃப்-8 முறையில் அவை ஒவ்வொன்றும் மூன்று எண்மிகளாக, தலையெண்மி 111 முன்னிற்க, பதினாறே எண்மிகளில் நம் மொழியின் பெயர் எழுத்தொன்றும் திரியாமல் எக்கணினியையும் சென்றடையும்.

மீட்டாக்கம் வெறும் எதிர்ச்செயல் அன்று. தொடராக்கும் நிரல் தன் தரவை அறியும். மீட்டாக்கும் நிரலோ அயலிலிருந்து வந்ததைப் படிக்கிறது. 155 எனத் தொடங்கும் ஒன்பதே எண்மிகள், எண்ணிலடங்கா உறுப்புகளுடைய அணி வருகிறதென்று அறிவிக்கக்கூடும். அதை நம்பி இடம் ஒதுக்கும் நிரல் நிலைகுலையும். அணிக்குள் அணி அடுக்கும் ஆழத்திற்கும் வரம்பு கட்டுதல் வேண்டும். எவ்வுறுப்பும் ஓர் எண்மியேனும் கொள்ளுமாதலின், எஞ்சிய எண்மிகளினும் மிகுதியாக அறிவிக்கப்பட்ட உறுப்பெண்ணிக்கை பொய்யென்பதை, ஓர் உறுப்பையும் படிக்குமுன்னரே, ஒற்றை ஒப்பீட்டால் தெளியலாம்.