வங்கி அட்டையும் இரகசிய இலக்கமும்: எமது பெண்கள் அறிந்திருக்க வேண்டியவை

யுத்தத்திற்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் முதற்தடவையாகத் தமது பெயரில் வங்கிக் கணக்குத் திறந்தனர். வாழ்வாதார உதவி, வீட்டுத்திட்டக் கொடுப்பனவு, வெளிநாட்டு உறவினர் அனுப்பும் காசு, 2023 முதல் வழங்கப்படும் அஸ்வெசும உதவி எனப் பலவும் கணக்கினூடாகவே கைக்கு வருகின்றன. அந்தக் கணக்கின் திறப்பு, ஒரு சிறிய அட்டையும் அதன் இரகசிய இலக்கமும்தான். கணக்கு எமது பெயரில் இருந்தாலும், திறப்பு இன்னொருவர் கையில் இருந்தால் காசு எமதல்ல.

காசு எவ்வாறு களவு போகிறது?

முதலாவது, உதவி என்ற பெயரில் நடப்பது. ஏ.ரி.எம். இயந்திரத்தின் முன் தடுமாறி நிற்கும் பெண்ணிடம், "தாங்கோ அக்கா, நான் எடுத்துத் தாறன்" என்று ஒருவர் வருவார். இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு, அதே போன்ற வேறொரு அட்டையைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார். உதவி தேவையெனில் வங்கி திறந்திருக்கும் நேரத்தில் சென்று உத்தியோகத்தரிடம் மட்டும் கேளுங்கள்.

இரண்டாவது, இயந்திரத்திலேயே வைக்கப்படும் பொறி. அட்டை செலுத்தும் வாயில் ஒரு கருவியைப் பொருத்தி அட்டையின் கறுப்புப் பட்டியில் உள்ள விபரங்களைப் பிரதி எடுப்பார்கள். சிறிய கமெரா மூலம் இலக்கத்தையும் பதிவு செய்வார்கள். அட்டை வாய் தளர்வாகவோ வித்தியாசமாகவோ தெரிந்தால் அதைப் பாவிக்க வேண்டாம். இலக்கத்தை அழுத்தும்போது மறு கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தொலைபேசி. "உங்கள் அட்டை முடக்கப்பட்டுள்ளது", "உங்களுக்குப் பரிசு விழுந்துள்ளது", "உதவிப் பணம் வந்துள்ளது" என்று கூறி, கைத்தொலைபேசிக்கு வரும் ஒரு தடவை இலக்கத்தை, அதாவது ஓ.ரி.பி.யை, கேட்பார்கள். அது உங்கள் கையொப்பத்திற்குச் சமமானது. எந்த வங்கியும் எந்த அரச அலுவலகமும் அதனையோ இரகசிய இலக்கத்தையோ தொலைபேசியில் கேட்பதில்லை. குறுந்தகவலில் வரும் இணைப்பை அழுத்தி அட்டை விபரங்களைப் பதியவும் கூடாது.

உறவினரும் கடன்காரரும்

இவற்றைவிட வெளியே பேசப்படாத விடயம் ஒன்றுண்டு. "உனக்கேன் கரைச்சல்" என்று கூறி மச்சானோ மகனோ அட்டையை வைத்திருக்கும் வீடுகள் பல. கடன் கொடுத்தவரே அட்டையை ஈடாக வாங்கி வைப்பதும் உண்டு. கணவனை இழந்த பெண்ணுக்குக் காசு விவகாரம் தெரியாது என்ற சமூக எண்ணமே இதற்கு அடிப்படை. இலக்கத்தை நீங்களாகவே கொடுத்திருந்தால், பின்னர் காசு குறைந்தாலும் வங்கி பெரும்பாலும் பொறுப்பேற்காது. அவ்வாறு கொடுத்திருந்தால் சண்டை பிடிக்கத் தேவையில்லை; வங்கிக்குச் சென்று புதிய இலக்கம் அல்லது புதிய அட்டை கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இன்னுமொரு ஆபத்து: "உங்கள் கணக்கிற்குக் கொஞ்சக் காசு வரும், எடுத்துத் தந்தால் தரகு தருவோம்" என்பவர்கள். அது பெரும்பாலும் வேறொருவரிடம் களவாடிய காசு. பொலிஸ் முதலில் தேடி வருவது கணக்கின் உரிமையாளரைத்தான்.

காசு போய்விட்டால்

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். ஏமாற்றியவரே குற்றவாளி. தாமதிக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்திலும் மிச்சக் காசும் போகலாம்.

1. உடனே வங்கியின் அவசர இலக்கத்திற்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள். அழைத்த நேரத்தையும் பேசியவரின் பெயரையும் எழுதி வையுங்கள்.

2. அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்துடன் கிளைக்குச் சென்று எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். முத்திரை குத்திய பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஏ.ரி.எம்.மில் எடுக்கப்பட்டிருந்தால் கமெராப் பதிவைப் பாதுகாக்கும்படி அதிலேயே குறிப்பிடுங்கள். வந்த குறுந்தகவல்களை அழிக்க வேண்டாம்.

3. பொலிஸ் நிலையத்தில் முறையிடுங்கள். 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டத்தின் கீழ் அட்டை மோசடி குற்றமாகும். தமிழில் பேச உங்களுக்கு உரிமையுண்டு. வாக்குமூலம் தெரியாத மொழியில் எழுதப்பட்டால் விளங்கப்படுத்தக் கேளுங்கள். விளங்காமல் கையொப்பமிட வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. வங்கி பதில் தராவிட்டால் அல்லது பதில் திருப்தியில்லாவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நிதி ஒம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம். இதற்கு முத்திரை குத்திய அந்தப் பிரதி அவசியம்.

போன காசு எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. ஆனால் முறையிடாதவருக்கு எதுவுமே கிடைக்காது.

இன்றே செய்யக்கூடியவை

வங்கியின் அவசர இலக்கத்தைக் கொப்பி ஒன்றில் எழுதி வையுங்கள். இரகசிய இலக்கத்தை அட்டையிலோ அதன் உறையிலோ எழுதியிருந்தால் அழித்துவிட்டு, புதிய இலக்கத்திற்கு மாற்றுங்கள். பிறந்த ஆண்டை இலக்கமாக வைக்க வேண்டாம். கணக்கில் காசு கூடினாலும் குறைந்தாலும் குறுந்தகவல் வரும் வசதியைப் பதிவு செய்யுங்கள். மாதம் ஒரு தடவையாவது மீதியைச் சரிபாருங்கள். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இவற்றை வாசித்துக் காட்டுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்கு ஆறுதலாகச் சொல்லிக் கொடுங்கள்.