பிணவறை வாசலில் ஒரு கையெழுத்து

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கும். மிச்சமிருக்கும் இடத்தில்தான் ஷிப்ட் முடிந்து திரும்புகிறவரின் பைக்கும், விடியுமுன் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் பெண்களின் ஷேர் ஆட்டோவும் ஓடியாக வேண்டும். அங்கே போதையில் ஒருவர் ஸ்டியரிங் பிடித்தால் என்ன ஆகும் என்று ராயபுரம், திருவொற்றியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2016இல் தரமணியிலும் கதீட்ரல் சாலையிலும் சொகுசுக் கார்கள் மோதி உயிர் போனபோது ஊரே பேசியது. டிரெய்லரில் அடிபட்டவருக்கு மறுநாள் பேப்பரில் நாலு வரி.

அந்த நாலு வரி அச்சேறும் முன்பே சேதி தெரிந்துவிடும் ஆட்கள் உண்டு. போஸ்ட்மார்ட்டம் முடியக் காத்திருக்கும் குடும்பத்திடம், கையில் ஃபைலோடு ஒருவர் வருவார். டீ வாங்கித் தருவார். உடலை எடுத்துப்போக வண்டி பேசித் தருவார். "உங்களுக்குப் பைசா செலவில்லக்கா. கேஸை நாங்க பாத்துக்கறோம். இதுல மட்டும் ஒரு கையெழுத்து." நீட்டுவது வக்காலத்து. அதற்கடியில் ரெண்டு மூணு வெற்றுத்தாள். குடித்துவிட்டு ஓட்டியவரின் கொடுமை ஒரு பக்கம் இருக்கட்டும். என்னை அதிகம் உறுத்துவது இந்த வெற்றுத்தாள்தான்.

அதில் போகிற பணம் கொஞ்சநஞ்சமல்ல. இறந்தவர் 34 வயது லோடுமேன், மாத வருமானம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, 2 பிள்ளைகள், அம்மா. உச்ச நீதிமன்றம் 2009இல் சர்லா வர்மா வழக்கிலும், 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் இழப்பீட்டுக்கு வகுத்த முறைப்படி, ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாயோடு எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும். அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்து, வயதுக்குரிய 16ஆல் பெருக்கினால் 30,24,000 ரூபாய். ஈமச்செலவும் துணையை இழந்ததற்கான தொகையும் வட்டியும் தனி. "நூத்துக்கு இருபது எங்களுக்கு" என்று பேசி முடித்திருந்தால் ஆறு லட்சம் போச்சு! வருகிற தொகையில் இவ்வளவு பங்கு என்று வழக்கறிஞர் கட்டணம் பேசுவதும், ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும் பார் கவுன்சில் விதிகளுக்கே விரோதம்.

பேரத்தில் படிய வைக்க அவர்கள் சொல்வது இது: "டிரைவர் குடிச்சிருந்தான், இன்ஷூரன்ஸ்காரன் தர மாட்டான், கிடைச்சதை வாங்கிக்கலாம்." பாலிசியில் அப்படியொரு நிபந்தனை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது கம்பெனிக்கும் வண்டி உரிமையாளருக்கும் உள்ள வழக்கு. இறந்தவரின் குடும்பத்துக்கு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றுதான் 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது.

கிரிமினல் வழக்கு முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அது வேறு தடம். குடித்திருந்ததை நிரூபிக்க, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் என்ற பரிசோதனை முடிவு வேண்டும். கைதான 2 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அது நடந்ததா என்று குடும்பத்தில் ஒருவர் போக்குவரத்துப் புலனாய்வுப் போலீசாரிடம் அன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போதை முக்கியமல்ல, ஓட்டியவரின் கவனக்குறைவு தெரிந்தால் போதும். அங்கே கொடுக்க வேண்டியவை எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், சம்பளத்துக்கான ஏதாவது ஒரு சீட்டு. கான்ட்ராக்ட் வேலைக்காரர்களுக்குக் கடைசியாகச் சொன்னதுதான் சிக்கல். கையில் கூலி வாங்கியவருக்குச் சீட்டேது?

இழப்பீடு கேட்டு மனு போட 6 மாதக் கெடு 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. கெடு தாண்டியதற்காக மனுவைத் தள்ள வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்காலமாகச் சொல்லியிருக்கிறது. அதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

ஃபைலோடு வரும் இந்த ஆட்கள் இல்லாவிட்டால் பல குடும்பங்கள் வழக்கே போடாது என்று வாதிடும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். அதற்கு வெற்றுத்தாள் எதற்கு?

இழப்பீட்டைக் குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகப் போட வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் வழிகாட்டியது. ஆகவே, பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது. சென்னை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பாரிமுனையில், உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தர 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு. போன் செய்ய வேண்டிய எண் 15100. கையெழுத்துப் போடும் முன் அந்த எண்ணுக்குப் பேசுங்கள்.