ஹார்ட் டிஸ்க் சொல்வது மெய்யா?

செம்பட்டியைச் சுற்றியுள்ள மொத்தக் கடைகளிலும் மில் ஆபீஸ்களிலும் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் ராப்பகலாக ஓடும். டாலி கணக்கு, ஜிஎஸ்டி பில், பார்ட்டி பாக்கி எல்லாம் அதற்குள்தான். அந்த சர்வர் பழசாகி மாற்ற வேண்டிய வேளையில், சர்வீஸ் செய்பவர் "இசட்எஃப்எஸ் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்கிறார். டிஸ்க்கில் ஃபைல்களைச் சேமித்துப் பராமரிக்கும் ஒரு ஃபைல் சிஸ்டம் அது. முதலாளி கேள்விப்படாத பெயர். இத்தனை வருடக் கணக்கை அதை நம்பி ஒப்படைக்கலாமா?

நியாயமான பயம். ஆனால் பழகிய முறையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் கெட்டால் ஓடாமல் நின்றுவிடும், தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். நன்றாக ஓடிக்கொண்டே தவறான தகவலைத் தரவும் அதனால் முடியும்! ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 2007-இல் இதைச் சோதித்தார்கள். சேமித்து வைத்த 33,700 ஃபைல்களைச் சரிபார்த்ததில் 22 ஃபைல்கள் ஓசையில்லாமல் மாறிப்போயிருந்தன. ஏறக்குறைய 1,500-க்கு ஒன்று. இரண்டு டிஸ்க்கில் ஒரே தகவலை வைக்கும் ரெய்டு முறையும் முழுத் தீர்வு இல்லை. இரண்டும் வேறுபட்டால் எது சரி என்று சாதாரண ரெய்டுக்குத் தெரியாது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக், மேத்யூ அரென்ஸ் இருவரும் 2001-இல் இசட்எஃப்எஸ்ஸைத் தொடங்கியபோது, டிஸ்க் பொய் சொல்லும் என்று வைத்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் கணக்கிட்டு ஒரு சரிபார்ப்பு எண் எடுக்கப்படுகிறது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் ஒத்துவராது. அழகு அதை வைக்கும் இடத்தில் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் போகும் லோடின் எடைச்சீட்டு லாரியிலேயே இருந்தால், வேறு லாரி வந்து நின்றாலும் அதன் லோடும் அதன் சீட்டும் ஒத்துத்தான் போகும். சீட்டு ஆபீஸில் இருந்தால்தான் ஆள்மாறாட்டம் பிடிபடும். இங்கேயும் எண்ணைத் தகவலோடு வைக்காமல், அந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் மேல்துண்டில் வைக்கிறார்கள். மேல்துண்டின் எண் அதற்கும் மேலே. இப்படியே உச்சிவரை. எண் ஒத்துவராவிட்டால் அடுத்த டிஸ்க்கில் உள்ள நல்ல பிரதியை எடுத்துக் கொடுத்துவிட்டு, கெட்டதையும் அதுவே திருத்திவிடுகிறது.

நம் ஊர் கரண்ட் கட்டுக்கும் இதில் பதில் உண்டு. பழைய தகவலின் மேல் எழுதுவதே இல்லை. புதியதை வேறு இடத்தில் முழுதாக எழுதி முடித்த பிறகே உச்சியிலுள்ள குறிப்பு மாறுகிறது. பாதியில் கரண்ட் போனால் கடைசிச் சில நொடி வேலை போகலாம். ஃபைல் சிஸ்டம் அரைகுறையாக நிற்காது.

இதிலும் தவறு நேர்ந்திருக்கிறது. 2023 நவம்பரில், அப்போதுதான் எழுதிய ஃபைலை உடனே காப்பி செய்தால் அரிதாகச் சில பகுதி வெறும் பூஜ்யமாக வரும் ஒரு பிழை தெரியவந்தது. சரிபார்ப்பு எண்ணால் அதைப் பிடிக்க முடியவில்லை. பல ஆண்டுகளாக உள்ளே ஒளிந்திருந்த பிழை அது. அந்த மாத முடிவுக்குள் திருத்தம் வெளியானது. அது எல்லோர் பார்வையிலும் நடந்தது என்பதே எனக்குத் தெம்பு தருகிறது. மூலநிரல் திறந்திருப்பதால், பெட்டி பழுதானாலும் டிஸ்க்குகளைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டித் திறக்கலாம். ஒரு கம்பெனியின் பெட்டியில் மட்டும் திறக்கும் முறைக்கு நான் கணக்கை ஒப்படைக்க மாட்டேன்.

ஆகவே, கணக்கை ஏற்றுவதற்கு முன் வெள்ளோட்டம் பாருங்கள். போலி ஃபைல்களை நிரப்பி, காப்பி ஓடும்போதே ஒரு டிஸ்க்கை உருவுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு, எல்லாத் தகவலையும் படித்துச் சரிபார்க்கும் 'ஸ்க்ரப்'பை ஓடவிட்டு எத்தனை பிழை காட்டுகிறது என்று பாருங்கள். போட்டுத் தந்தவர் ஊரில் இல்லாதபோது கைகொடுக்க திண்டுக்கல்லில் இன்னொருவர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள்.

எந்த முறையானாலும் பேக்கப் வேறு கட்டிடத்தில் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகர அரசுத் தகவல் மையம் தீப்பிடித்தபோது, வெளியே பேக்கப் இல்லாத ஊழியர் கோப்பு சேமிப்பகம் 858 டெராபைட்டோடு எரிந்தது. உங்கள் பேக்கப்பை இந்த வாரமே வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, டாலியில் திறந்து, போன மாதப் பாக்கி சரியாக வருகிறதா என்று பாருங்கள்.