நீரடிப் பரப்பின் தூய்மையும் காப்புரிமைப் பரிசீலனையும்

துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலைக் காண்போர் அதன் மேற்பகுதியை மட்டுமே காண்கின்றனர். வண்ணம் பூசப்பெற்று அது பொலிவுடன் விளங்கலாம். ஆயின் நீர்மட்டத்திற்குக் கீழே மறைந்துள்ள பகுதியின் நிலை யாது? அங்கே பாசி படர்ந்துள்ளதா, சிப்பிகள் ஒட்டியுள்ளனவா என்பதைக் கரையில் நிற்பவர் அறிய இயலாது. பல சமயங்களில் கப்பலைச் செலுத்துபவரும் அறியார். கண்ணுக்குத் தோன்றாத இப்பரப்பின் தூய்மையைக் கண்டறிந்து கூறும் கருவிகள் இன்று பலவாறாகப் புனையப்படுகின்றன. பேட்டண்ட் எனப்படும் காப்புரிமையை அவற்றுக்குக் கோரும் விண்ணப்பங்கள் எம்முறையில் பரிசீலிக்கப்படுகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கடலோரக் களப்பணியாளர்க்கும் பள்ளி ஆசிரியர்க்கும் இதில் நேரான தொடர்பு உண்டு என்பது பின்னர் விளங்கும்.

படிவினால் விளையும் கேடு

கடல் நீரில் அமிழ்ந்த எப்பொருளின் மீதும் முதலில் நுண்ணுயிர்களாலாகிய வழுவழுப்பான மெல்லிய படலம் தோன்றுகிறது. அதன்பின் பாசியும், கொட்டலசு எனப்படும் பார்னக்கிள்களும், குழாய்ப் புழுக்களும், சிப்பியினங்களும் குடியேறுகின்றன. இவற்றை உயிர்ப்படிவு என்று வழங்குவோம். படிவு மிகுந்தால் கப்பலின் மேற்பரப்புச் சொரசொரப்பாகி நீரின் தடை கூடும். எரிபொருள் செலவும் கூடும். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் வகை ஒன்றைக் குறித்து 2007-ஆம் ஆண்டில் வெளியான கணக்கீடு ஒன்று, கனத்த சுண்ணாம்பு ஓடுகள் படிந்த நிலையில் வழக்கமான பயண வேகத்திற்கு வேண்டிய இயந்திர ஆற்றல் 86 விழுக்காடு வரையில் மிகக்கூடும் எனக் காட்டியது.

இக்கேட்டினைத் தடுக்கும் முயற்சி பழமையானது. 1761-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்பகுதியைச் செப்புத் தகட்டால் போர்த்தியது. செம்பு படிவைத் தடுத்தது; ஆனால் அதனைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் அரிக்கப்பட்டன. 1824-ஆம் ஆண்டில் சர் ஹம்ப்ரி டேவி செம்பின் அரிப்பைத் தடுக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளை அதனுடன் இணைத்தார். செம்பு அரிபடாமல் காக்கப்பட்டது. ஆனால் செம்பு கரையாது போகவே, படிவு மீண்டும் பெருகியது. பிற்காலத்தில் கரிம வெள்ளீயச் சேர்மங்கள் கலந்த வண்ணப்பூச்சுகள் பயன்பட்டன. அவை கடல்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகும் என அறியப்பட்டதால், 2001-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு 2008-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை அவற்றை விலக்கியது.

கேடு எரிபொருளோடு நிற்பதில்லை. அமெரிக்க வெப்பமண்டலக் கடலோரத்தைத் தாயகமாகக் கொண்ட ‘மைட்டிலாப்சிஸ் சல்லீ’ என்னும் சிறு சிப்பி 1967-ஆம் ஆண்டளவில் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் காணப்பட்டது. அதே இனம் 1999-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறையிலும் தோன்றியது. அந்நிய உயிரினம் ஒன்று நம் கழிமுகங்களில் நிலைபெற்றுவிட்டால், அதனை அகற்றுதல் மிகக் கடினம். எனவே, கப்பலின் அடிப்பரப்புத் தூயது எனக் கருவி கூறும் சொல் பொய்த்துப்போனால், அதன் விளைவைக் கப்பலின் உரிமையாளர் மட்டுமன்றிக் கழிமுகத்தை நம்பி வாழும் மீனவரும் அனுபவிக்க நேரும்.

தூய்மையை அளக்கும் வழிகள்

முக்குளிப்பவர் நேரில் இறங்கிப் பார்ப்பது பழைய வழி. சோதனைப் பலகைகளைக் கடலில் தொங்கவிட்டு, குறித்த நாள்களில் எடுத்துப் படிவை எண்ணுவதும் நிறுப்பதும் மற்றொரு வழி. நீரடி ஒளிப்படக் கருவி, கேளா ஒலி, ஒளிர்வு அளவி ஆகியன பின்னர் வந்தவை. கேளா ஒலிக் கருவி, ஒலியைச் செலுத்தி அது எதிரொலித்துத் திரும்பும் காலத்தைக் கொண்டு தொலைவைக் கணிக்கிறது. ஒளிர்வு அளவி, பாசியின் பச்சையத்தின் மீது நீலநிற ஒளியைச் செலுத்துகிறது. பச்சையம் அதனை ஏற்று, ஏறக்குறைய 685 நானோமீட்டர் அலைநீளத்தில் செந்நிற ஒளியை உமிழ்கிறது. அச்செவ்வொளியின் அளவே பாசியின் அளவுக்குக் குறியாகும்.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டு 2023-இல் திருத்தியமைத்த வழிகாட்டு நெறிகள், படிவை 0 முதல் 4 வரை தரப்படுத்துகின்றன. 0 என்பது படிவின்மை. 1 என்பது நுண்படலம் மட்டும். 2, 3, 4 என்பன கண்ணுக்குத் தெரியும் உயிரினங்கள் பரப்பில் எவ்வளவு பகுதியை மூடியுள்ளன என்பதைப் பொறுத்தவை.

சட்டம் வினவும் வினாக்கள்

நம் நாட்டில் காப்புரிமை, 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஆளப்படுகிறது. நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையை அடியொற்றி அமைந்த இச்சட்டம் 1972-இல் நடைமுறைக்கு வந்து, பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டது. விண்ணப்பம் பொதுவாக 18 திங்கள் கழிந்தபின் வெளியிடப்படும். பரிசீலனை தானாக நிகழ்வதன்று. அதற்கெனத் தனி வேண்டுகோள் தரவேண்டும். 2024-ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்பின் அளிக்கப்படும் விண்ணப்பங்களுக்கு இதற்கான காலக்கெடு முன்னுரிமைத் தேதியிலிருந்து 31 திங்கள் ஆகும். பரிசீலகரின் முதல் அறிக்கைக்கு விண்ணப்பதாரர் 6 திங்களுக்குள் மறுமொழி தரவேண்டும். வேண்டினால் மேலும் 3 திங்கள் நீட்டிப்புப் பெறலாம்.

பரிசீலகர் முதன்மையாக மூன்று வினாக்களை எழுப்புகிறார். இப்பொருள் புதியதா? முன்னறிந்தவற்றினும் மேம்பட்டதாயும், அத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு எளிதில் தோன்றாததாயும் உள்ளதா? தொழிலில் பயன்படுத்தத் தக்கதா? இவற்றுக்கு மேல், சட்டத்தின் 3-ஆம் பிரிவு கண்டுபிடிப்பாகக் கருதலாகாதவற்றை விலக்குகிறது. கணித முறையும், கணிப்பொறி நிரல் அளவில் நிற்கும் நிரலும், தத்தம் வேலையைத் தனித்தனியே வழக்கம்போல் செய்யும் பழைய கருவிகளை ஒன்றாக அடுக்குதலும் அவற்றுட் சில.

ஓர் எடுத்துக்காட்டு

பரிசீலனை நடைபெறும் முறையை விளக்க, ஒரு விண்ணப்பத்தைக் கற்பனையாகக் கொள்வோம். விண்ணப்பதாரரின் முதல் உரிமைக் கோரிக்கை இவ்வாறு அமைகிறது: விளக்கு, ஒளிப்படக் கருவி, படத்தை ஆராயும் கணிப்பொறி ஆகியவற்றைக் கொண்டு நீரடிப் பரப்பின் தூய்மையைக் கண்காணிக்கும் கருவி.

பரிசீலகர் சர்வதேசக் காப்புரிமைப் பகுப்பில் தேடலைத் தொடங்குகிறார். கப்பல் அடிப்பரப்பின் பாதுகாப்பும் துப்புரவும் ‘பி 63 பி 59’ என்னும் தொகுதியிலும், ஒளியால் பொருள்களை ஆராய்தல் ‘ஜி 01 என் 21’ என்னும் தொகுதியிலும் அடங்கும். விளக்கும் ஒளிப்படக் கருவியும் கொண்டு கப்பலின் அடியைப் பார்வையிடுதல் பழைய வழக்கம் என்பது வெளிப்படுகிறது. இக்கோரிக்கையை ஏற்றால், துறைமுகங்களில் நெடுங்காலமாக நடைபெறும் பணி ஒருவரின் தனியுரிமையாகிவிடும். எனவே அது மறுக்கப்படுகிறது.

விண்ணப்பதாரர் கோரிக்கையைச் சுருக்குகிறார். அவர் முதலில் அளித்த விவரக் குறிப்பில் நீல ஒளியும், பச்சைய ஒளிர்வை அளக்கும் உணர்வியும் கூறப்பட்டிருந்தன. அவற்றைக் கோரிக்கையில் சேர்க்கிறார். இப்போது பரிசீலகர் வேறொரு குறையைக் காண்கிறார். கொட்டலசின் ஓட்டில் பச்சையம் இல்லை, சிப்பியிலும் இல்லை. பாசியின்றிக் கொட்டலசு மட்டும் செறிந்துள்ள பரப்பைக் கண்டு, இக்கருவி ‘தூயது’ என்று கூறிவிடும்! அங்ஙனமாயின் ‘தூய்மை’ என்று கோரிக்கை கூறுவது எதனை? கோரிக்கை தெளிவாகவும் சுருக்கமாகவும் விவரக் குறிப்பில் சொன்னவற்றை ஆதாரமாகக் கொண்டும் இருத்தல் வேண்டும் என்பது 10-ஆம் பிரிவின் விதி. அன்றாட வழக்கில் தூய்மை, துப்புரவு, சுத்தம் என்னும் சொற்களை நாம் வேறுபாடின்றி வழங்குகிறோம். உரிமைக் கோரிக்கையிலோ, அச்சொல் அளக்கக்கூடிய பொருளைக் குறித்தாக வேண்டும். பாசிப் படலத்தை மட்டும் அளப்பது எனில், அவ்வாறே கூறுதல் வேண்டும்.

விவரக் குறிப்பில் மூன்றாவது ஏற்பாடு ஒன்றும் உள்ளது. அதில் கேளா ஒலி உணர்வியும் சேர்கிறது. ஒளிர்வு அளவி பாசியையும், ஒலி உணர்வி ஓடுகளையும் தனித்தனியே காட்டுமாயின், அது பழைய கருவிகளின் அடுக்கே என்று மறுக்க இடமுண்டு. ஆனால் இவ்வேற்பாட்டில் ஒலி உணர்வி கருவிக்கும் பரப்புக்கும் இடையிலுள்ள தொலைவையும் அளக்கிறது. தொலைவு கூடினாலும் நீர் கலங்கினாலும் ஒளிர்வு குறைந்து தோன்றும். ஒலியால் பெற்ற தொலைவைக் கொண்டு ஒளிர்வின் அளவு திருத்தப்படுகிறது. இங்கே ஒன்றின் செயல் மற்றொன்றைச் சார்ந்துள்ளது; இதனை வெறும் அடுக்கு என்று கூறுதல் பொருந்தாது. திருத்தும் கணக்கு கணிப்பொறியால் செய்யப்படுகிறது என்பதனால் மட்டும் இதனைத் தள்ளிவிடுவதும் முறையன்று. கணிப்பொறி நிரலைச் சார்ந்திருப்பினும், தொழில்நுட்ப விளைவைத் தரும் கண்டுபிடிப்புக்கு இடமுண்டு என்பதை டெல்லி உயர்நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டியுள்ளது.

ஆயினும் பரிசீலனை இத்துடன் முடிவதில்லை. இத்தகைய திருத்தம் துறையறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றக்கூடியதா என்பதை முந்தைய ஏடுகளைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். விடையைத் தெரிந்துகொண்டபின், எல்லாக் கண்டுபிடிப்பும் எளிதாகவே தோன்றும். அம்மயக்கத்திற்கு ஆளாகாதிருத்தலும் பரிசீலகரின் கடமை. தகுதியற்ற கோரிக்கையை ஏற்றால் பொதுமக்களின் உடைமை தனியார்க்குப் போகும். தகுதியுள்ளதை மறுத்தால் உழைத்தவரின் பயன் பறிபோகும். இரண்டும் அநீதியே.

காப்புரிமை எதற்குச் சான்றாகாது

காப்புரிமை என்பது, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகட்குப் பிறர் அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமை. அது தரச்சான்றிதழ் அன்று. காப்புரிமை பெற்ற கருவி தூயது எனக் கூறிய பரப்பு தூயதாகவே இருக்கும் என்று பரிசீலகர் உறுதி அளிக்கவில்லை. அவர் கருவியைக் கடலில் இறக்கிப் பார்ப்பவரும் அல்லர். ஆதலின் துறைமுகங்களில் கருவியை வாங்கிப் பயன்படுத்துவோர், முக்குளிப்பவரின் நேர்முகப் பார்வையுடன் அதனை ஒப்பிட்டுச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

இவ்வுரிமைக்கு எல்லையும் உண்டு. இந்தியக் காப்புரிமை இந்தியாவில் மட்டுமே செல்லும். தற்காலிகமாக நம் கடற்பரப்பில் நுழையும் அயல்நாட்டுக் கப்பல், தன் உடலிலோ இயந்திரத்திலோ காப்புரிமை பெற்ற பொருளைத் தன் சொந்தத் தேவைக்கு மட்டும் பயன்படுத்தினால், 49-ஆம் பிரிவின்படி அது உரிமை மீறல் ஆகாது. அக்கப்பலின் நாடும் நம் நாட்டுக் கப்பல்களுக்கு இதையொத்த சலுகை அளித்தல் வேண்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

களப்பணியாளர் பலர் சோதனைப் பலகைகளைத் தொங்கவிட்டும், படகுகளைக் கரையேற்றிப் பார்த்தும் நாள்தோறும் பல செய்திகளைத் திரட்டுகின்றனர். கட்டுமரத்தைக் கரையேற்றி உலரவிடுதல் போன்ற வழக்கங்களை மீனவரிடமிருந்து அறிகின்றனர். இவை யாவும் முன்பே வழங்கிய அறிவின் பகுதிகளே. காப்புரிமை அளிக்கப்படுவதற்கு எதிராக, விண்ணப்பம் வெளியானபின் எவரும் எழுத்து மூலம் மறுப்புரைக்கலாம். இந்தியாவில் முன்பே வெளிப்படையாகப் பயன்பட்டது என்பதும், உள்ளூர்ச் சமுதாயத்தினரிடையே வாய்மொழியாகவேனும் வழங்கிய அறிவு என்பதும் சட்டம் ஏற்கும் காரணங்கள். உரிமை அளிக்கப்பட்டபின் ஓராண்டுக்குள் அதில் அக்கறையுடையோர் மறுப்புரைக்கவும் வழியுண்டு. ஆயினும், தேதியும் இடமும் முறையும் குறிக்கப்படாத செய்தியைக் கொண்டு எதனையும் மெய்ப்பித்தல் அரிது. எனவே பலகை இறக்கிய நாள், எடுத்த நாள், கண்ட உயிரினம், அளந்த முறை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, ஆண்டறிக்கையில் வெளியிடுதல் வேண்டும். அவ்வெளியீடே பிற்காலத்தில் பொதுவுடைமையைக் காக்கும் ஆதாரமாகும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. தாமே புதிய கருவி ஒன்றை அமைத்தவர் விண்ணப்பிக்கும் முன் அதனைக் கண்காட்சியில் வைத்தால், தம் புதுமையைத் தாமே இழக்க நேரிடலாம். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிக்கும், கற்றோர் கழகத்தில் படிக்கும் கட்டுரைக்கும் 12 திங்கள் சலுகை உண்டு. பள்ளியாண்டு விழாவுக்கு அது இல்லை. முதலில் தற்காலிக விவரக் குறிப்பை அளித்துவிட்டு, 12 திங்களுக்குள் முழு விவரக் குறிப்பைத் தருவது பாதுகாப்பான வழி.

காப்புரிமை பெற்ற கருவியை வகுப்பறையில் காட்டலாமோ என ஆசிரியர் ஐயுற வேண்டுவதில்லை. சோதனைக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமே, மாணவர்க்குக் கற்பித்தல் உள்ளிட்ட பயன்களுக்கும், அத்தகைய கருவியைச் செய்யவும் பயன்படுத்தவும் 47-ஆம் பிரிவு இடமளிக்கிறது. வெளியான விவரக் குறிப்புகளையும் எவரும் படிக்கலாம். கண்ணாடித் தொட்டியில் பாசி படிந்த ஓட்டினையும் சிப்பி ஓட்டினையும் அருகருகே வைத்து, நீல ஒளியில் செம்மையாக ஒளிர்வது எது, ஒளிராதது எது என்று மாணவர் கண்டறியட்டும். அதன்பின் ‘தூயது’ என்னும் சொல்லுக்கு ஒவ்வொருவரும் பொருள் எழுதட்டும். பரிசீலகரின் பணி எத்தகையது என்பது அவர்கட்கு அப்போது தானே விளங்கும்.