பின்வாசலில் பிறக்கும் விசை

பேருந்தின் புகைக்குழாய்க்கு வேலை ஒன்றுதான். எரிந்து முடிந்த வாயுவை அதிகச் சத்தமில்லாமல் வெளியே விட வேண்டும். அதைக் கழற்றிப் போட்டாலும் பேருந்து ஓடும். தெருவே திட்டித் தீர்க்கும், அவ்வளவுதான். ஜெட் விமானத்தில் கதை தலைகீழ். அங்கே வாயு வெளியேறும் பின்பக்கம்தான் விமானத்தை முன்னே தள்ளுகிறது. அதன் வடிவம் சில அங்குலம் பிசகினாலும் எஞ்சினே மூச்சுத்திணறும்.

எஞ்சினுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்பக்கம் நுழையும் காற்றை கம்ப்ரெஸ்ஸர் அழுத்துகிறது. எரி அறையில் எரிபொருள் கலந்து எரிகிறது. சூடாகிப் பாயும் வாயு டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைன் தன் அச்சின் வழியாக கம்ப்ரெஸ்ஸரைச் சுழற்றுகிறது. இத்தனைக்கும் பிறகு வாயுவில் மிச்சமிருக்கும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் உந்துவிசையாக மாற்றுவது வெளியேற்றப் பகுதியின் பொறுப்பு.

முதலில் ஒரு நிதானம்

டர்பைனைத் தாண்டும் வாயுவின் வெப்பம் சுமார் 550 முதல் 850 டிகிரி செல்சியஸ். வேகம் வினாடிக்கு 230 முதல் 360 மீட்டர் வரை. இதே வேகத்தில் குழாய்க்குள் விட்டால் சுவரில் உரசியே கணிசமான ஆற்றல் போய்விடும். அதனால் வெளியேற்றப் பகுதி முதலில் செய்வது, வாயுவின் வேகத்தைக் குறைப்பது!

டர்பைன் சக்கரத்தின் பின்னால் ஒரு கூம்பு பொருத்தப்பட்டிருக்கும். பல விமானங்களில் எஞ்சினின் பின்முனையில் கூராகத் துருத்திக்கொண்டிருப்பது இதன் நுனிதான். கூம்பு ஒடுங்க ஒடுங்க, அதைச் சுற்றியுள்ள பாதை அகலமாகிறது; வாயு நிதானித்து அழுத்தம் கூடுகிறது. கொதிக்கும் வாயு டர்பைன் சக்கரத்தின் முதுகில் பாயாமல் மறைப்பதும் இந்தக் கூம்புதான். அதைத் தாங்கிப் பிடிக்கும் கம்பங்கள் இறக்கை வடிவில் இருக்கும். சுழன்றபடி வரும் வாயுவை அவை நேராக்கி அனுப்புகின்றன. பக்கவாட்டில் சுழலும் வாயுவால் விமானத்துக்குப் பயனில்லை.

எஞ்சினின் உடல்நிலையைக் காட்டிக்கொடுப்பதும் இந்த வாயுதான். டர்பைனை ஒட்டிய பகுதியில் பொருத்திய வெப்ப உணரிகள் சொல்லும் அளவு விமானியின் முன்னால் தெரியும். அலகுகள் தேய்ந்து, இடைவெளிகள் விரிந்து, அழுக்குப் படிந்த எஞ்சின் அதே உந்துவிசையைக் கொடுக்க அதிக எரிபொருள் கேட்கும். வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறும். அனுமதிக்கப்பட்ட உச்சத்துக்கும் அந்த வெப்பத்துக்கும் இடையே மிஞ்சும் டிகிரிகளை வைத்தே பல எஞ்சின்களை எப்போது பழுதுபார்க்கக் கழற்றுவது என்று விமான நிறுவனங்கள் முடிவுசெய்கின்றன. கம்ப்ரெஸ்ஸரைத் தண்ணீரால் கழுவினாலே சில டிகிரிகள் இறங்கும் என்பதால், எஞ்சினைக் குளிப்பாட்டுவது பராமரிப்பில் வழக்கமான வேலை.

ஒடுங்கும் வாய், விரியும் வாய்

நிதானித்த வாயு அடுத்து நாசில் எனப்படும் ஒடுங்கிய வாயை அடைகிறது. ஒவ்வொரு வினாடியும் உள்ளே வருகிற அளவு வாயு சிறிய வாய் வழியே வெளியேறியாக வேண்டும். அதனால் அழுத்தம் குறைந்து வேகம் கூடுகிறது. ஆனால் இதற்கு எல்லை உண்டு. ஒடுங்கும் வாய் எதுவும் வாயுவை ஒலியின் வேகத்துக்கு மேல் கொண்டுபோகாது. இங்கே ஒலியின் வேகம் என்பது நம் அறைக்காற்றில் உள்ள வினாடிக்கு 340 மீட்டர் அல்ல. 600 டிகிரி சூட்டில் அது 580 மீட்டரை நெருங்கும்.

அதையும் தாண்ட வேண்டுமானால், ஒடுங்கிய வாய் மறுபடி விரிய வேண்டும். ஒலியின் வேகத்தைக் கடந்த வாயுவின் இயல்பு அப்படி: பாதை அகலும்போது அது இன்னும் வேகமெடுக்கிறது. இந்த வடிவத்தை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீராவி டர்பைனுக்காக உருவாக்கியவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாவ் தெ லாவல். பாலிலிருந்து பாலேட்டைப் பிரிக்கும் இயந்திரத்தால் பெயர் பெற்றவரும் அவரே. ராக்கெட்டுகளும் ஒலியை மிஞ்சும் போர் விமானங்களும் இன்று அந்த வடிவத்தைத்தான் நம்பியிருக்கின்றன.

வாயின் அளவு எல்லா நேரத்துக்கும் ஒன்றாக இருந்தால் போதாது என்பது ஜெட் யுகத்தின் தொடக்கத்திலேயே புரிந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பறந்த ஜெர்மனியின் மெ 262 விமானத்தில், யூமோ 004 எஞ்சினின் வாய்க்குள் முன்னும் பின்னும் நகரும் ஒரு கூம்பு இருந்தது. அதன் வடிவத்தைப் பார்த்து ஜெர்மானியர்கள் வெங்காயம் என்றே அழைத்தார்கள். நமது தேஜஸ் விமானத்தின் எஃப்404 எஞ்சினில் ஒன்றன்மேல் ஒன்று படியும் உலோகத் தகடுகள் விரிந்து சுருங்கி அதே வேலையைச் செய்கின்றன.

ஆஃப்டர்பர்னர் உள்ள எஞ்சினில் இந்த விரிவு உயிர்நாடி. எரி அறை காற்றிலுள்ள ஆக்ஸிஜன் முழுவதையும் எரித்துவிடுவதில்லை. மிஞ்சிய ஆக்ஸிஜனில், டர்பைனுக்குப் பின்னால் மறுபடி எரிபொருளைத் தெளித்துக் கொளுத்தினால் வெப்பம் 1,500 டிகிரியைத் தாண்டும். உந்துவிசை பாதியளவு அதிகரிக்கலாம். எரிபொருளோ பல மடங்கு செலவாகும். சூடேறி விரிந்த வாயுவுக்கு அந்த நொடியே வாய் அகன்று வழிவிட வேண்டும். தவறினால் அழுத்தம் பின்னோக்கி ஏறி கம்ப்ரெஸ்ஸரைத் திணறடிக்கும்.

நாசிலையே திருப்பி விமானத்தை வளைக்கவும் முடியும். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் சேர்க்கப்பட்ட சுகோய் 30 எம்கேஐ விமானங்களின் நாசில்கள் சாயக்கூடியவை. இறக்கைகள் காற்றைப் பிடிக்கத் தடுமாறும் குறைந்த வேகத்திலும், வாயுத் தாரையின் திசையை மாற்றி அவை மூக்கைத் திருப்பிவிடும்.

எதிர்த்திசையில் ஒரு தள்ளு

தரையிறங்கியதும் எஞ்சின் திடீரென உறுமுவதைப் பயணிகள் அனைவரும் கேட்டிருப்பார்கள். எஞ்சின் பின்னோக்கிச் சுழல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது எப்போதும் சுழலும் திசையில்தான் சுழல்கிறது. த்ரஸ்ட் ரிவர்ஸர் எனும் அமைப்பு பின்வழியை அடைத்து, காற்றைப் பக்கவாட்டு வழிகளில் முன்பக்கமாகச் சாய்த்து வெளியேற்றுகிறது. ஈரமான ஓடுபாதையில் சக்கர பிரேக்குகளுக்கு இது பெரிய துணை.

இதே அமைப்பு வானில் விரிந்தால் என்னவாகும் என்பதை 1991 மே 26 காட்டியது. பாங்காக்கிலிருந்து வியன்னாவுக்குப் புறப்பட்ட லவுடா ஏர் நிறுவனத்தின் போயிங் 767 மேலேறிக்கொண்டிருந்தபோது ஓர் எஞ்சினின் ரிவர்ஸர் தானாக விரிந்தது. விமானம் தாய்லாந்துக் காட்டில் சிதறி விழுந்து, அதிலிருந்த 223 பேரும் இறந்தனர். அதன் பிறகே ரிவர்ஸர்களுக்குக் கூடுதல் பூட்டு கட்டாயமானது.

வேகத்தைக் குறைத்ததே வெற்றி

வாயு வேகமாக வெளியேறினால்தான் விமானம் நன்றாகப் பறக்கும் என்பது முழு உண்மையல்ல. உந்துவிசை, தள்ளப்படும் காற்றின் நிறையையும் வேகத்தையும் பொறுத்தது. ஆனால் அதற்குச் செலவாகும் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுகிறது. இரு மடங்கு காற்றைப் பாதி வேகத்தில் தள்ளினால் அதே விசை, பாதி ஆற்றலில் கிடைத்துவிடும்.

சத்தத்தின் கணக்கு இன்னும் கடுமை. மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் 1952இல் காட்டியபடி, ஜெட் தாரை எழுப்பும் ஒலியின் திறன் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்கில் ஏறுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் ஒலியின் திறன் 256இல் ஒரு பங்காகிவிடும். அதாவது 24 டெசிபல் குறையும்.

இந்த இரண்டு கணக்குகளும் ஒரே வழியைக் காட்டின. எஞ்சினின் முன்னால் பெரிய விசிறி வைத்து, பெரும்பகுதிக் காற்றை எரி அறைக்குள் விடாமல் சுற்றுவழியாகவே பின்னால் தள்ளினார்கள். 1960களின் தொடக்கத்தில் பறந்த ஜேடி3டி எஞ்சினில், உள்ளே போகும் ஒரு பங்குக்குச் சுற்றிப் போனது சுமார் ஒன்றரைப் பங்கு. இன்று இந்தியாவில் பரவலாகப் பறக்கும் ஏர்பஸ் 320 நியோவின் எஞ்சின்களில் அது 11, 12 பங்கு. உந்துவிசையில் பெரும்பகுதி இந்தக் குளிர்ந்த காற்றிலிருந்தே கிடைக்கிறது.

போயிங் 787, 737 மேக்ஸ் விமானங்களின் எஞ்சின் பின்விளிம்பில் தெரியும் ரம்பப் பற்கள் அலங்காரம் அல்ல. வேகமாக வரும் தாரையை வெளிக்காற்றோடு மெதுவாகக் கலக்கவிட்டு அவை இரைச்சலைக் குறைக்கின்றன. பதிலுக்குச் சிறிது உந்துவிசை போகும். அதனால் 777எக்ஸ் வடிவமைப்பில் போயிங் பற்களை விட்டுவிட்டது.

அமெரிக்காவின் ஜிஇயும் பிரான்சின் சாஃப்ரானும் 2021இல் அறிவித்த திட்டம் விசிறியைச் சுற்றியுள்ள உறையையே நீக்கிவிடுகிறது. எரிபொருள் செலவை 20 சதவீதத்துக்கு மேல் குறைப்பது அதன் இலக்கு. போர் விமானத்துக்கு அதிவேகத் தாரை தேவை. அதற்கு எரிபொருளாலும் காதைப் பிளக்கும் இரைச்சலாலும் விலை கொடுக்கிறார்கள். பயணிகள் விமானத்தில் அறுபது ஆண்டுகளாக வென்றுவருவது ஒரே கொள்கைதான்: நிறையக் காற்றைத் தள்ளு, நிதானமாகத் தள்ளு.